குவாத்தமாலா மட்டும் போதுமா, மூன்று நாட்டையும் பார்த்துவிடலாமா? (பதினோரு நாள், அம்மாவும் வருகிறார்)

தெற்குவாசல் | ஜனவரி 6

வணக்கம். பிப்ரவரியில் பதினோரு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. டாலஸிலிருந்து நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, மூவரும் கிளம்புகிறோம். அம்மாவுக்கு 64 வயது, சுத்த சைவம், படி ஏறினால் முட்டி வலிக்கும். எனக்கோ பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எரிமலைப் பைத்தியம்.

குவாத்தமாலா நான்கு நாள், எல் சால்வடோர் மூன்று நாள், நிகராகுவா நான்கு நாள் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வரைபடத்தில் மூன்றும் கிட்டக் கிட்டத்தான் இருக்கின்றன. அகாதெனாங்கோ மலையில் ஓர் இரவு தங்கி, எதிரே ஃபுவேகோ வெடிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. அந்த இரவு அம்மாவை எங்கே விடுவது, அவர் என்ன சாப்பிடுவார் என்பதுதான் கவலை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நடைவண்டி | ஜனவரி 6

வரைபடத்தை நம்பாதீர்கள் தம்பி. குவாத்தமாலாவின் ஆண்டிகுவா நகரில் விடிகாலை வேன் ஏறினால் நிகராகுவாவின் லியோன் போய்ச் சேர ராத்திரியாகிவிடும். நடுவே எல் சால்வடோர், ஹோண்டுராஸ் இரண்டையும் கடக்க வேண்டும். மூன்று எல்லை, மூன்று இடத்திலும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். முட்டி வலிக்காரரை அந்த வேனில் உட்கார வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூவரிடமும் இந்தியக் கடவுச்சீட்டு என்றால் இதையும் கவனியுங்கள். இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்தும் வருபவர்கள் தன் விமான நிலையம் வழியாகப் போனால் தலைக்கு 1,130 டாலர் கட்ட வேண்டும் என்று எல் சால்வடோர் 2023 அக்டோபரில் விதி கொண்டுவந்தது. டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று சான் சால்வடோரில் விமானம் மாறும்படி பதிவு செய்துவிடாதீர்கள். முதலில் விசாரியுங்கள், விசா விதிகளையும் சேர்த்து.

என்னைக் கேட்டால் பதினோரு நாளும் குவாத்தமாலாவுக்கே கொடுங்கள். ஃபுவேகோ, பகாயா, சாந்தியாகித்தோ என்று எரிமலைகளுக்குப் பஞ்சமே இல்லை. அம்மாவுக்கு ஏரி இருக்கிறது, சந்தை இருக்கிறது.

கரிசல்மண் | ஜனவரி 7

நடைவண்டி சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எரிமலைப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டு நிகராகுவாவை விடுவதா?

மசாயா எரிமலைக் கதை தெரியுமா? பள்ளத்துக்குள் தகதகவென்று கொதிப்பது உருகிய தங்கம்தான் என்று ஸ்பானியர்கள் நம்பினார்கள். 1538-ல் பிளாஸ் தெல் காஸ்தியோ என்ற பாதிரியார் கயிறு கட்டி உள்ளே இறங்கி அள்ளியே பார்த்துவிட்டார். மேலே வந்து ஆறியதும் வெறும் கருங்கல்.

அப்புறம் மொமோதொம்போ எரிமலை. ஒரு தபால்தலை கால்வாயின் திசையையே திருப்பிய கதை அது. கால்வாயை நிகராகுவாவில் வெட்டுவதா, பனாமாவிலா என்று 1902-ல் அமெரிக்க செனட் யோசித்துக்கொண்டிருந்தது. அந்த மே மாதம்தான் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து ஏறக்குறைய 30,000 பேர் மாண்டிருந்தார்கள். பனாமாவுக்காக ஆள் பிடித்துக்கொண்டிருந்த புனோ-வாரியா, மொமோதொம்போ புகைகிற படம் போட்ட நிகராகுவாத் தபால்தலைகளைத் தேடி வாங்கி, செனட்டர் ஒவ்வொருவருக்கும் ஒன்று அனுப்பினார். வாக்கெடுப்பில் பனாமா ஜெயித்தது. தபால்தலை மட்டுமே காரணமில்லை, ஆனால் தன் மலையைப் பெருமையாக அச்சடித்து ஒரு நாடு இப்படி மாட்டிக்கொண்டதை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

செர்ரோ நெக்ரோவில் கருஞ்சாம்பல் சரிவில் பலகையில் உட்கார்ந்து சறுக்கி இறங்கலாம். 1850-ல் பிறந்த மலை. எரிமலைகளில் கைக்குழந்தை.

நடைவண்டி | ஜனவரி 7

கதை அருமை. ஆனால் மசாயாவில் 2024 மார்ச்சில் பள்ளத்தின் உள்சுவர் சரிந்து எரிகுழம்பு மூடிக்கொண்டது. ‘தங்கத்தை’ நம்பிப் போகிறவர் கேட்டுவிட்டுப் போகட்டும். பலகையில் சறுக்குவதை அம்மா கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான்.

ஈரநிலம் | ஜனவரி 8

எல் சால்வடோருக்கு ஆதரவாக யாருமே பேசவில்லையே, நான் பேசுகிறேன். இசால்கோ என்றொரு எரிமலை. 1770-ல் தரையிலிருந்து முளைத்தது. அதன் பிறகு கிட்டத்தட்ட இரு நூற்றாண்டுகள் ஓயாமல் நெருப்பைக் கக்கியதால் கப்பல்காரர்கள் பசிபிக்கின் கலங்கரை விளக்கம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதை உட்கார்ந்து பார்க்க வசதியாக எதிர்க் குன்றில் ஒரு ஹோட்டல் கட்டினார்கள். கட்டி முடிக்கிற நேரம் பார்த்து, 1950-களின் கடைசியில், இசால்கோ அடங்கிவிட்டது. 1966-ல் லேசாக ஒருமுறை இருமியதோடு சரி. ஹோட்டல்காரர் முகத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் என் மனதில் நின்றது ஹோயா தெ செரென். ஏறக்குறைய 1,400 வருடத்துக்கு முன் சாம்பலில் புதைந்த சின்னக் கிராமம். 1976-ல் புல்டோசர் மண் தள்ளும்போது வெளியே வந்தது. அரண்மனையும் கோபுரமும் இல்லை. குடிசை, பானையில் மிஞ்சிய அவரை விதை, நீராவிக் குளியல் அறை, மரவள்ளிப் பாத்தி. மனித உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, எல்லோரும் ஓடித் தப்பித்திருக்கிறார்கள். மாயா அரசர்களைப் பற்றிப் படித்துப் படித்துச் சலித்தவர்கள் பார்க்க வேண்டிய இடம்.

இத்தனையும் சொல்லிவிட்டுச் சொல்கிறேன், இந்த முறை நடைவண்டி அண்ணன் பேச்சைக் கேளுங்கள். அம்மாவுக்காக.

போடிமெட்டு | ஜனவரி 8

எரிமலை எனக்குத் தெரியாது, ஆனால் குவாத்தமாலா என்ற பெயரை நான் பூகோளப் பாடத்தில் கற்கவில்லை. வீட்டுத் திண்ணையில் கற்றேன். அப்பா ஏலக்காய் வியாபாரி. “குவாத்திமாலா காய் எறங்கிருச்சாம், இனி வெலை விழும்” என்று யாராவது சொன்னால் அன்று வீட்டில் பேச்சு குறைந்துவிடும். அது ஏதோ பக்கத்து ஜில்லா என்றே ஆறாம் வகுப்பு வரை நினைத்திருந்தேன்.

ஏலக்காய் நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடி. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியக் காப்பித் தோட்டக்காரர் அதைக் குவாத்தமாலாவின் கோபான் பக்கம் கொண்டுபோய் நட்டார். இன்று உலகச் சந்தைக்கு அதிகமாக ஏற்றுமதி செய்வது அவர்கள்தான். பறிக்கிறவர்கள் ஆல்தா வெராபாஸ் மலைகளில் இருக்கும் கெக்சி இன மாயா விவசாயிகள். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் சமையலில் ஏலக்காய் கிடையாது. பெரும்பகுதி அரபு நாடுகளின் காப்பிக்குப் போகிறது. குவாத்தமாலாவில் விளைச்சல் கெட்டால் போடி ஏலத்தில் விலை ஏறும், அங்கே கொழித்தால் இங்கே முகம் வாடும். முகமே பார்க்காத பங்காளிகள்.

கோபான் பக்கம் போனால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

தெற்குவாசல் | ஜனவரி 9

சரி, தோற்றேன். குவாத்தமாலா மட்டும். ஆண்டிகுவா ஐந்து நாள், அதித்லான் ஏரி ஐந்து நாள், நடுவே சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தை. கோபான் ஆண்டிகுவாவிலிருந்து ஐந்தாறு மணி நேரம் என்கிறார்கள், அதனால் இந்த முறை இல்லை. போடிமெட்டு மன்னிக்க வேண்டும்.

இனி அகாதெனாங்கோ. ஏறலாமா, கூடாதா?

கரிசல்மண் | ஜனவரி 9

இதில் கேள்வியே இல்லை. ஏறுங்கள். லா சோலேடாட் கிராமத்தில் ஆரம்பிக்கிற இடமே ஏறக்குறைய 2,400 மீட்டர். தொட்டபெட்டா உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து ஏற ஆரம்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாம் 3,600 வாக்கில், உச்சி 3,976. முதல் ஒரு மணி நேரம் சோளக்காட்டின் ஓரமாக எரிமலை மணலில் ஏற வேண்டும், அதுதான் ஆளைக் கொல்லும். இரண்டடி வைத்தால் ஓரடி பின்னால் சறுக்கும். அடிவாரத்தில் பிள்ளைகள் ஊன்றுகோல் வாடகைக்குத் தருவார்கள், வீறாப்புப் பார்க்காமல் வாங்கிவிடுங்கள். அதற்கப்புறம் மேகக்காடு, பிறகு பைன்.

முகாமுக்குப் போன பிறகும் காலில் தெம்பிருந்தால் ஃபுவேகோவின் தோள்மேடு வரை தனியாகக் கூட்டிப்போவார்கள். நான் போனேன். தரை அதிரும்.

நடைவண்டி | ஜனவரி 10

குளிரைச் சொல்லாமல் விட்டீர்களே. 2017 ஜனவரியில் இதே மலையில் ஆறு பேர் விறைத்துச் செத்தார்கள். எல்லோரும் அந்த நாட்டுக்காரர்களே. கம்பளித் தொப்பி, கையுறை, மாற்றுச் சட்டை இல்லாமல் ஏறக்கூடாது. ஏறும்போது நனைந்த வியர்வைச் சட்டையை முகாமில் உடனே மாற்றுங்கள். அதைச் செய்யாமல் நான் ஒருமுறை இரவு முழுக்கப் பல் தந்தியடிக்கக் கிடந்திருக்கிறேன்.

தோள்மேடு வரை போவதைப் பற்றி எனக்கு வேறு கருத்து. அது தெருக்கூத்து இல்லை, முன்வரிசையில் உட்கார. 2018 ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை. ஃபுவேகோவிலிருந்து கொதிசாம்பல் வெள்ளம் ஓடைப்பள்ளம் வழியே இறங்கி சான் மிகேல் லோஸ் லோதேஸ் என்ற ஊரையே மூடிவிட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சில நூறு பேர். பக்கத்திலிருந்த ஆடம்பர விடுதி தன் விருந்தினர்களை முன்பே வெளியேற்றிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு எச்சரிக்கை வரும்போது நேரம் கடந்துவிட்டது. அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போகிற சாலையில் நான் பஸ்ஸில் போயிருக்கிறேன். அதுவரை கலகலவென்று இருந்த பஸ் அந்த இடத்தில் அமைதியாகிவிட்டது.

கரிசல்மண் | ஜனவரி 10

நியாயம்தான். ஆனால் லா சோலேடாடில் வழிகாட்டி, சமையல்காரர், கூடாரம் சுமக்கிறவர் எல்லோர் வீட்டு அடுப்பும் அந்த மலையேற்றக் காசில்தான் எரிகிறது. போகாமல் இருப்பது அவர்களுக்கு மரியாதை என்று நான் நினைக்கவில்லை.

நடைவண்டி | ஜனவரி 10

போகாதே என்று நான் சொல்லவில்லையே. அகாதெனாங்கோவில் நின்று பார் என்கிறேன். தோள்மேடு வேண்டாம்.

ஈரநிலம் | ஜனவரி 11

நீங்கள் இருவரும் சண்டையைத் தொடருங்கள், நான் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

தம்பி, அம்மாவுக்குக் கறுப்பு பீன்ஸ், சோறு, வறுத்த வாழை, சூடான சோள ரொட்டி எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது உண்டு. “சின் மந்தேகா?” என்று கேட்டே வாங்குங்கள். கொழுப்பில்லாமல்தானே என்று அர்த்தம். ரெயேனித்தோ என்று ஒன்று, வாழைப்பழ மாவுக்குள் இனிப்புப் பீன்ஸ் பூரணம் வைத்துப் பொரித்தது. அம்மா அதில் விழுந்துவிடுவார். சந்தையில் விஸ்கில் என்று பச்சையாக ஒரு காய் குவித்திருப்பார்கள். பார்த்தால் தெரியும், நம் சௌசௌ. பெங்களூர் கத்திரிக்காய் என்று நாம் கூப்பிடுகிற அந்தக் காய்க்குப் பிறந்த வீடு அந்தப் பக்கம்தான். சப்போட்டாவுக்கும் அப்படியே.

சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தை வியாழனும் ஞாயிறும் மட்டும். சாந்தோ தோமாஸ் தேவாலயத்துப் படிகளில் கிச்சே இன மாயாப் பெரியவர்கள் கோபால் என்கிற மரப்பிசினைப் புகைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த முன்படி வழியாக ஏறாதீர்கள், பக்கவாசல் உண்டு. உள்ளே படம் எடுக்கக்கூடாது.

துணி வாங்கும்போது அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். ஊய்பில் என்கிற அந்த மேல்சட்டை ஒன்றை நெய்ய மாதக்கணக்கில் ஆகும். தறியின் ஒரு முனை தூணில், மறு முனை நெய்கிற பெண்ணின் இடுப்பில். அவள் சாய்ந்தால் பாவு இறுகும், நிமிர்ந்தால் தளரும். எந்த ஊர்க்காரி என்று அந்தக் காலத்தில் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம். இப்போது மெஷினில் அடித்த நகல் அதே சந்தையில் பாதி விலைக்குத் தொங்குகிறது. தங்கள் வடிவங்களுக்குப் பாதுகாப்புக் கேட்டு நெசவாளப் பெண்கள் 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள்.

தெற்குவாசல் | பிப்ரவரி 27

போய் வந்துவிட்டோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டிகுவாவில் அம்மாவுக்குப் பிடித்தது இடிந்த கோயில்கள். 1773 பூகம்பத்தில் நகரம் நொறுங்கியதும் தலைநகரை இப்போதைய குவாத்தமாலா சிட்டி இருக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காசும் அதிகாரமும் அங்கே போய்விட்டதால் இங்கே பலவற்றை மறுபடி கட்டவே இல்லை. கூரை இல்லாத மண்டபங்களில் போகன்வில்லா படர்ந்து கிடக்கிறது. “இடிஞ்சதை இடிஞ்சபடியே பெருக்கித் தொடைச்சு வெச்சிருக்காங்க பாரு” என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே நடந்தார். கல் பாவிய தெரு முட்டிக்கு ஆகவில்லை. டுக்டுக் காப்பாற்றியது. நம் பஜாஜ் ஆட்டோவேதான்! அம்மா ஏறி உட்கார்ந்ததும், “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்” என்றார்.

விடுதிக்காரப் பெண்மணியின் அடுப்படியில்தான் அம்மா அதிக நேரம் இருந்தார். சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை அவர் கல்லில் அரைத்தார். மூன்று கால் வைத்த அம்மி, குழவி, அதே குனிவு. “நம்ம அம்மிக்குக் கால் மொளைச்சிருக்கு” என்று அம்மா சிரித்து, நகரச் சொல்லித் தானே அரைக்க உட்கார்ந்துவிட்டார். ஒருவருக்குத் தமிழ், ஒருவருக்கு ஸ்பானிஷ். மூன்று நாள் இருவரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். ரொட்டி தட்டுவது மட்டும் அம்மாவுக்குக் கடைசிவரை வட்டமாக வரவில்லை. சனிக்கிழமை மாலை சில வீட்டு வாசல்களில் சிவப்பு விளக்கு எரிந்தது. மனைவி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். கேட்டால், இங்கே தமால் விற்பனைக்கு உண்டு என்று அர்த்தமாம். இலையில் கட்டி வேகவைத்த சோளமாவுக் கொழுக்கட்டை. உள்ளே இறைச்சி என்பதால் அம்மாவுக்கு இல்லை.

அந்த அடுப்படிப் பழக்கத்தால்தான் நான் நிம்மதியாக மலை ஏற முடிந்தது. மணல் பற்றிக் கரிசல்மண் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மூன்றாவது மணி நேரத்தில் எரிமலைப் பைத்தியமே தெளிந்துவிட்டது. முகாம் போனால் சுற்றிலும் மேகம். எதிர் மலை இருக்கிற அறிகுறியே இல்லை. ராத்திரி பத்து மணி வரை உறுமல் மட்டும் கேட்டது. சட்டையை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டேன். இரண்டு மணி வாக்கில் வழிகாட்டி கூடாரத்தைத் தட்டினார்.

மேகம் கீழே இறங்கியிருந்தது. மேலே நட்சத்திரம். திடீரென்று எதிரே சத்தமே இல்லாமல் சிவப்பாக ஒரு கொத்து எழும்பிப் பரவி, சரிவு முழுக்கத் தணல் உருண்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதா பத்தா, அப்போதுதான் சத்தம் வந்து நெஞ்சில் மோதியது. அப்புறம் விடியும்வரை தூங்கவில்லை. தோள்மேட்டுக்குப் போகவில்லை. ஆசை இல்லாமல் இல்லை, கால் வரவில்லை.

வழிகாட்டி அடிவாரத்துக்காரர். பயமாக இருக்காதா என்று கேட்டேன். வெடிக்கிறபோது வீட்டில் எல்லோரும் தூங்குவோம், அரை நாள் சத்தமே இல்லாவிட்டால்தான் என் மனைவி எழுந்து எழுந்து வெளியே போய்ப் பார்ப்பாள் என்றார். தொட்டில் ஆடுவது நின்றால் குழந்தை விழிப்பது மாதிரி.

அதித்லான் ஏரி. பல்லாயிரம் வருடத்துக்கு முன் பெரிதாக வெடித்த எரிமலையின் வாய்தான் ஏரியாகியிருக்கிறது. கரையில் மூன்று எரிமலைகள். மேலே தெரிகிற வெளியேறும் ஆறு ஒன்றுமில்லை. அதனால் பெருமழை வருடங்களில் மட்டம் ஏறி, கரையோர வீடுகளும் படகுத்துறைகளும் மூழ்கியிருக்கின்றன. கரண்டைத் தண்ணீரில் நிற்கிற ஒரு மாடி வீட்டைப் பார்த்தோம். காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும் ஏரி, மதியத்துக்கு மேல் ஷோகோமில் என்கிற காற்று வந்தால் குதிக்கும். படகில் முன்னால் உட்கார்ந்து முதுகு போனது, பின்னால் உட்காருங்கள்.

சாந்தியாகோ அதித்லானில் மாஷிமோனைப் பார்த்தோம். மரச்சாமி, தலையில் தொப்பி, கழுத்தில் வண்ணத் துண்டுகள், வாயில் சுருட்டு, எதிரே சாராய பாட்டில். வருடத்துக்கு ஒரு வீட்டில் வைத்துக் கும்பிடுகிறார்கள். அம்மா கொஞ்சமும் தயங்காமல், “நம்ம முனியாண்டி” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். காவலுக்கு இருந்த பெரியவருக்கு அது பிடித்திருக்க வேண்டும், உட்கார நாற்காலி போட்டார்.

சந்தையில் அம்மா விஸ்கில் நான்கு வாங்கி, அந்த அடுப்படியில் கூட்டு வைத்தார். தேங்காய் கிடைத்தது. உளுந்துதான் இல்லை.

ஈரநிலம் | பிப்ரவரி 27

கூட்டு!! இதுதான் பயணம்.

நடைவண்டி | பிப்ரவரி 28

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் மட்டும் குறுக்கிடுகிறேன்.

மாஷிமோனை முனியாண்டி என்று அம்மா கும்பிட்டதில் தப்பில்லை, ஆனால் அதோடு முடித்துவிட முடியாது. புனித வாரத்தில் அவரை ஊர்வலமாகத் தூக்கிப்போய் தேவாலயத்துக்குப் பக்கத்துச் சிற்றாலயத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். சிலர் அவரை யூதாஸ் என்பார்கள், சிலர் பழைய மாயா தெய்வம் என்பார்கள். அந்த ஊரின் சுதுஹில் இன மாயா மக்களுக்கு அவர் எல்லாமும்தான். அதே ஊரில் 1990 டிசம்பர் 2 அன்று ராணுவம் நிராயுதபாணிகளைச் சுட்டது. 1960-இல் தொடங்கி 1996 வரை உள்நாட்டுப் போர் நடந்த நாடு அது. அந்த ஊர்க்காரர்கள் விடாமல் நின்று ராணுவ முகாமையே ஊரைவிட்டு அகற்ற வைத்தார்கள். இதையும் தெரிந்துகொண்டு அந்தச் சாமி முன்னால் நிற்பது வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது, வழிகாட்டி சொன்னது. அழகான பேச்சு, ஆனால் 2018-ல் மலை மௌனமாக இருந்து ஏமாற்றவில்லை. காலையிலிருந்தே உறுமிக்கொண்டுதான் இருந்தது. தினமும் கேட்கிற உறுமல் என்பதால் அன்றைய உறுமல் வேறு என்று பலருக்குத் தோன்றவில்லை.

தெற்குவாசல் | பிப்ரவரி 28

இதை யோசிக்கவில்லை. அந்த வழிகாட்டியிடம் 2018 பற்றிக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

கரிசல்மண் | மார்ச் 1

அடுத்த முறை நிகராகுவா. இழையை மூடாதீர்கள்.

போடிமெட்டு | மார்ச் 1

எல்லாம் சரி, ஏலக்காய் கண்ணில் பட்டதா இல்லையா?

தெற்குவாசல் | மார்ச் 2

மன்னிக்கவும், அதை எழுத மறந்துவிட்டேன். ஆண்டிகுவா சந்தையில் ‘கார்தமோமோ’ என்று கேட்டுக் கேட்டு மூன்றாவது கடையில் ஒரு சின்னப் பொட்டலம் கிடைத்தது. இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கடைக்காரர் எங்களைக் கேட்டார். அம்மா ஒன்றை நசுக்கி முகர்ந்துவிட்டு, “பச்சை நல்லா இருக்கு, வாசனை ஒரு மாத்து கம்மி” என்றார்.

போடிமெட்டு | மார்ச் 2

இதை அப்பாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். வியாபாரத்தை விட்டுப் பத்து வருடமாகிறது. ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், “காய் என்ன சைசு? கிலோ என்ன வெலை சொன்னான்?” என்கிறார். விலை கேட்டீர்களா?